மாதர்க்கு இழைக்கும் கொடுமையும் விளம்பரத் தொண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் எம்மை அழைத்தபோது, யாம் வழக்கம்போல் பழந்தமிழ் நூற்பொருள் ஒன்றை எடுத்துப் பேசுவோம் என்றே எண்ணியிருப்பர். சென்ற ஆண்டு ஐந்திணை பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய ஆண்டு விருந்தோம்பல் பற்றிப் பேசினோம். இவ்வாண்டு அழைப்பிதழில் எம் பெயருக்கு எதிரே அச்சிட்டுள்ள பொருளைக் கண்ட நண்பர் ஒருவர், 'தமிழ்ப் பண்டிதருக்கு விளம்பரத் தொழிலில் என்ன வேலை?' என்று வினவினார். வினா நியாயமானதே. சோப்பு விற்பவன் கையாளும் உபாயத்தைக் கொண்டு, மனைவியை அடிக்க ஓங்கிய கணவன் கையைத் தாழ்த்த இயலுமா என்பதே இன்று யாம் ஆராயப் புகுந்த பொருள். இயலும் என்று முழுவதும் சாதிக்க யாம் வரவில்லை. எவ்வளவு இயலும், எவ்விடத்தில் இயலாது என்பதைக் கூறுவோம். கூறுமிடத்து எம்முடைய குற்றம் ஒன்றும் வெளிப்படும். அதனையும் கேட்டருள்க.

ஆங்கிலத்தில் இம்முறையை 'ஸோஷியல் மார்க்கெட்டிங்' என்பர். 1971ஆம் ஆண்டில் பிலிப் காட்லர், ஜெரால்டு ஸால்ட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் இப்பெயரால் ஒரு கட்டுரை வரைந்தனர். தமிழில் 'சமூகச் சந்தைமுறை' என ஒருவாறு கூறலாம். அச்சொல் எமக்கே இனிக்கவில்லை. பெயர் 1971இல் பிறந்ததாயினும், தொழில் அதற்கு முன்னரே நம் நாட்டில் நடந்தது. மதிற்சுவர்தோறும் தீட்டியிருந்த சிவப்பு முக்கோணத்தை இங்குள்ள முதியோர் மறந்திரார். 1968இல் நடுவண் அரசினர், நிரோத் என்னும் கருத்தடைச் சாதனத்தைத் தேயிலைக் கம்பெனிகளும் சோப்புக் கம்பெனிகளும் தத்தம் சரக்கோடு சரக்காகச் சிற்றூர்க் கடைகள்வரை கொண்டு செல்ல ஏற்பாடு செய்து, மூன்றினை 15 காசுக்கு விற்பித்தனர். தாய்மார் வீற்றிருக்கும் அவையில் இதனை எடுத்துரைத்ததற்குப் பொறுத்தருள்க. உபதேசம் செய்து முடியாததைக் கடைக்காரர் வாயிலாக முடிக்கலாம் என்னும் எண்ணம் அங்கே செயலாயிற்று.

இம்முறையின் உயிர்நிலை யாதெனின், கேட்போனை ஏசாமை. அவன் நின்ற இடத்திலே நாமும் நின்று நோக்கி, அவன் இன்றே செய்யத்தக்க ஒரு செயலைத் தேர்ந்து, அதனைச் சிறியதாக்கி, எளியதாக்கி, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தல். பல் துலக்கு என்று சொல்லுவது உபதேசம். பற்பொடியை ஒரு நாளைக்குரிய சிறு பொட்டலமாகக் கட்டி அவன் தெருமுனைக் கடையில் தொங்கவிடுவது இம்முறை. நிற்க.

நோயின் அளவை முதலில் அறிதல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணம் புரிந்த மாதருள் நூற்றுக்கு 38 பேர் தம் கணவரால் துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். இந்தியா முழுமைக்கும் அக்கணக்கு நூற்றுக்கு 29 அளவே. கல்வியிலும் மருத்துவத்திலும் பிற மாநிலங்கட்கு முன்னிற்கின்றோம் என்று மார்தட்டும் நாம் இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தல் நன்று. இன்னும் ஒன்று. அவ்வாய்வில் ஏழு காரணங்களை எடுத்துக் கூறி, 'இவற்றுள் எதற்கேனும் கணவன் மனைவியை அடித்தல் தகுமோ?' என்று வினவினர். சொல்லாமல் வெளியே செல்லுதல், எதிர்த்துப் பேசுதல், சரியாகச் சமையாமை, மாமன் மாமியரை மதியாமை முதலியன அக்காரணங்கள். இந்தியா முழுமையும் நோக்க, தகும் என்ற ஆடவர் நூற்றுக்கு 44. தகும் என்ற மாதர் நூற்றுக்கு 45. மாதர் எண் ஒன்று கூடுதலாக இருத்தலைக் கண்டு சிரிப்பவர் நம்மிடையே உளர். இத்தனை தலைமுறையாக யார் அவர்க்குப் பாடஞ்சொல்லி வந்தனர் என்பதைச் சிரிப்பவர் சிந்திப்பாராக. ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு, மாணவன் பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும்போது அவனை இகழத் தோன்றுவதில்லை.

இனி, இவ்வகைத் தொண்டுகளுள் நம் நாட்டில் பெயர் பெற்ற ஒன்றைக் கூறுவோம். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 'பிரேக்த்ரூ' என்னும் நிறுவனத்தார் 'பெல் பஜாவோ' என்ற பிரசாரத்தைத் தொடங்கினர். 'மணியை அடி' என்பது அதன் பொருள். ஓகில்வி அண்ட் மேதர் என்னும் விளம்பரக் கம்பெனியார் அதற்குரிய படங்களை ஆக்கிக் கொடுத்தனர். படம் மிகச் சிறியது. மாலையில் வீடு திரும்பும் ஒருவன் காதில், அண்டை வீட்டிலிருந்து வசையும் அடியோசையும் அழுகையும் விழுகின்றன. சற்றுத் தயங்குகிறான். பின்பு சென்று அவ்வீட்டு அழைப்பு மணியை அடிக்கிறான். கதவைத் திறந்த கணவனிடம், 'கொஞ்சம் பால் கிடைக்குமா?' என்று கேட்கிறான். அவ்வளவே. மற்றொரு படத்தில் தொலைபேசியில் ஒருமுறை பேச இடங்கேட்கிறான் ஒருவன். வேறொன்றில் விளையாடும் சிறுவன் பந்து கேட்கிறான். கேட்கும் பொருள் எவருக்கும் வேண்டியதன்று. 'யாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பதைக் கதவுக்கு உள்ளே இருப்பவன் உணர்தலே வேண்டுவது.

இதன் நயத்தைச் சற்று நோக்குக. அடிப்பவனைத் திருத்து என்று அயலானுக்குக் கட்டளையிட்டால், அவன் அஞ்சுவான். 'பிறர் குடும்பம்' என்று விலகுவான். காவல் நிலையத்திற்குச் செல் என்றால் இன்னும் அஞ்சுவான். மணியை அடித்துப் பால் கேள் என்றாலோ, அதற்கு ஒரு விரல் போதும். படங்கள் தொலைக்காட்சியில் ஓடின. படம் காட்டும் வண்டிகள் கர்நாடகம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களில் ஊரூராகச் சென்றன. 2010இல் கான் நகரத்து விளம்பர விழாவில் பரிசும் கிடைத்தது. ஆடவனையே மீட்பனாகக் காட்டிவிட்டனர் என்று குறை கூறினோரும் உளர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அடுத்த வீட்டு ஆடவனை நோக்கியே இப்படங்கள் பேசின என்பதும் உண்மையே.

இப்படத்தை முதன்முதல் கண்ட நாளில் யாம் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டோம். அதன் காரணத்தைக் கூறுவோம்.

2004ஆம் ஆண்டளவில் யாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே சுவரை இருபுறமும் பங்கிட்ட இரட்டை வீடு ஒன்றில் எம் அன்னையாருடன் குடியிருந்தோம். அடுத்த பகுதியில் இருந்தவர் நம்மவரே, சங்கத்தில் மதிப்புள்ளவர், வாசலில் நின்று பேசினால் அவரினும் இன்சொல்லர் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் அச்சுவரின் அப்புறத்திலிருந்து ஓசை வரும். என்ன ஓசை என்று விரிக்க வேண்டியதில்லை. அந்நேரம் யாம் செய்தது ஒன்றே. தொலைக்காட்சியின் ஒலியைச் சிறிது ஏற்றுவோம். எழுத்தறியாத எம் அன்னையார் செய்தது வேறு. ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு அவ்வீட்டுக் கதவைத் தட்டி, 'பாலுக்கு ஒற ஊத்த மோர் இல்ல, கொஞ்சம் குடு தாயி' என்று கேட்பார். எம் வீட்டில் மோர் இருக்கும். அவர் சென்ற இரவுகளில் ஓசை அடங்கிவிடும். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ சென்று திரும்பியபோது, யாம் அவரைக் கடிந்தோம். 'அடுத்தவர் குடும்பத்தில் நமக்கு என்ன? அவர் என்னை நாளை எப்படிப் பார்ப்பார்?' என்றோம். அன்னையார் தம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, 'ஒன்னைய எப்பிடிப் பாப்பாருன்னு நீ யோசிக்கிற. நான் மோருக்குப் போனேன்' என்று மட்டும் கூறிப் படுக்கச் சென்றார்.

நான்காண்டுகள் கழித்து விளம்பர வல்லுநர் கண்டறிந்த உபாயம் எம் வீட்டு அடுக்களையில் முன்னரே இருந்தது. அதனைக் கண்டறியாதவர் பட்டம் பெற்ற யாமே.

அயலார் ஒருவர் தனியே செல்ல அஞ்சுவாராயின் பலர் சேர்ந்து செல்லலாம் என்பதை ஆப்பிரிக்காவில் காட்டினர். தென்னாப்பிரிக்காவில் 'ஸோல் சிட்டி' என்னும் தொடர்நாடகம் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நடந்து வந்தது. 1999இல் வந்த அதன் நான்காம் தொடரில், ஊரார் மதிக்கும் ஒருவன் தன் மனைவியை ஓயாது அடிக்கிறான். அவன் தொழில் யாதெனின், பள்ளியாசிரியன். நாடகம் எழுதினோர் குடிகாரனையோ வேலையற்றவனையோ படைக்காமல் ஆசிரியனைப் படைத்ததை யாம் மிகவும் மெச்சுகிறோம். எம் தொழிலினர் சிலர் மெச்சமாட்டார். ஒருநாள் அடியோசை எழுந்தபோது, அக்கம்பக்கத்தார் தத்தம் வீட்டுச் சட்டிபானைகளை எடுத்துவந்து அவன் வாசலில் நின்று தட்டுகின்றனர். யாரும் உள்ளே நுழையவில்லை, கைகலக்கவில்லை. தட்டுகின்றனர். நாடகம் ஒளிபரப்பான பின் பல ஊர்களில் மெய்யாகவே மக்கள் இவ்வாறு பாத்திரம் தட்டியதாகச் செய்தி வந்தது. தெம்பிஸா என்னுமிடத்து மதுக்கடையொன்றில் ஒருவன் தன் காதலியை அடித்தபோது, இருந்தவரெல்லாம் புட்டிகளைத் தட்டி ஓசையெழுப்பினராம். அந்நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1998இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வாராது கிடந்தது. நாடகத்தார் மாதர் நலக் கூட்டமைப்பினரோடு சேர்ந்து அதற்கும் கிளர்ச்சி செய்தனர். 1999 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அடிப்பவனிடமே நேரே பேசலாகாதா என்று கேட்பீர்கள். பேசிப் பார்த்தவர் மேற்கு ஆஸ்திரேலிய அரசினர். 1998இல் 'அச்சத்தினின்று விடுதலை' என்னும் பொருள்படும் பெயரால் அவர்கள் தொடங்கிய பிரசாரம், அடிக்கும் ஆடவனையும் அடிக்கக்கூடிய ஆடவனையும் நோக்கியது. படம் எடுக்குமுன் அத்தகைய ஆடவரிடமே சென்று, எச்சொல் உங்கள் உள்ளத்தைத் தொடும் என்று ஆராய்ந்தனர். சிறைக்குச் செல்வாய் என்றால் அவன் சினந்தான். மனைவியின் துயரத்தைக் காட்டினால் அவள்மேலே பழி சொன்னான். 'உன் குழந்தை கதவருகில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது' என்றபோது மட்டும் தலைகுனிந்தான். ஆகவே படங்களில் குழந்தைகளைக் காட்டினர். படத்தின் இறுதியில் தண்டனையைக் கூறாமல் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தனர்; அழைத்தால் மறுமுனையில் பயிற்சி பெற்றவர் பேசுவார்; விரும்பினால் திருந்துவதற்குரிய வகுப்பில் இடம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான அழைப்புகள் வந்தன. தாமாகவே 'யான் அடிப்பவன்' என்று ஒப்புக்கொண்டு உதவி கேட்டோர் அவர்களுள் பலர்.

இதனைப் படித்தபோது எம் வகுப்பு நினைவுக்கு வந்தது. 'இரவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு ஒருகால் பணித்தோம். எல்லாரும் நிலவையும் விண்மீனையும் எழுதினர். ஒரு சிறுவன், தந்தையார் கதவைச் சாத்தும் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று தான் அறிவதாக எழுதியிருந்தான். யாம் சந்திப்பிழை இரண்டைத் திருத்திப் பத்துக்கு ஏழு மதிப்பெண் இட்டோம்.

இவ்வகைத் தொண்டுகளில் பயனற்றனவும் உண்டு. தீங்கு பயப்பனவும் உண்டு. கண் வீங்கி உதடு கிழிந்த பெண்ணின் முகத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டுவர். அதனைக் காணும் கணவன், 'யான் இவ்வளவு செய்வதில்லையே' என்று ஆறுதல் கொள்வான். காணும் மனைவி, 'எனக்கு இவ்வளவு இல்லையே' என்று அடங்குவாள். எல்லா வீட்டிலும் இது நடக்கிறது என்று ஓயாது முழங்கினாலும், எல்லா வீட்டிலும் நடப்பது இயல்புதானே என்ற எண்ணமே வேர்கொள்ளும். தொலைபேசி எண்ணைப் பெரிதாக விளம்பரம் செய்து, அழைத்தால் எடுப்பார் இல்லையெனின், அது அவளை மறுபடியும் அடித்தற்கு ஒப்பாகும். பிரசாரம் செய்வோர் எத்தனை பேர் படத்தைக் கண்டனர் என்று எண்ணுவர். எத்தனை பேர் கருத்து மாறினர் என்றும் வினவுவர். அடி குறைந்ததா என்பதை அளப்பவர் மிகச் சிலர்.

அளந்தவர் உகாண்டா நாட்டினர். அங்கே கம்பாலா நகரில் 'ஸாஸா' என்னும் முயற்சியை 'ரெய்சிங் வாய்ஸஸ்' என்ற நிறுவனத்தார் வகுத்தனர். ஸாஸா என்பது ஸ்வாஹிலி மொழியில் 'இப்போது' எனப் பொருள்படும். பெரிய விளம்பரப் பலகைகளை அவர்கள் நம்பவில்லை. அவ்வத் தெருவிலுள்ள சாதாரண ஆணும் பெண்ணும் பயிற்சி பெற்று, தம் அயலாரோடும் உறவினரோடும் சந்தையிலும் திண்ணையிலும் பேசினர்; ஒருநாள் அல்ல, ஆண்டுக்கணக்காகப் பேசினர். 2007 முதல் 2012 வரை எட்டுப் பகுதிகளில் சோதனை நடந்தது. ஸாஸா நடந்த பகுதிகளில், நடவாத பகுதிகளைக் காட்டிலும், முந்திய ஓராண்டில் கணவரிடம் அடிபட்ட மாதர் தொகை 52 விழுக்காடு குறைவு என்று கண்டனர். எட்டே பகுதிகளில் நிகழ்ந்த சோதனையாகலின் இவ்வெண்ணைச் சற்று அடக்கத்தோடே கூறல் வேண்டும். எனினும் சுவரொட்டியைக் காட்டிலும் பேச்சு வலிது என்பதை ஆசிரியர் எவரும் நம்பத் தடையில்லை.

இனி நம்மிடம் வருவோம். மேற்கூறிய தேசிய ஆய்வில் மற்றொரு செய்தி உளது. அடியுண்ட மாதருள் எவரிடமேனும் உதவி நாடியவர் நூற்றுக்கு 14 பேரே. அந்தச் சிலரும் பெரும்பாலும் நாடியது காவலரையன்று, வழக்கறிஞரையன்று. தம் பிறந்த வீட்டாரை. பிறந்த வீட்டார் எங்குச் செல்வர்? நம் சங்கத்திற்கு வருவர். ஆகவே வணிகர் மொழியில் சொன்னால், சரக்கு விற்கும் கடை நம் கடையே. அக்கடையில் நாம் இதுவரை விற்று வந்தது யாது?

யாம் கூற வந்த குற்றம் இது. அந்த அடுத்த வீட்டு அம்மையார் ஒருநாள் குழந்தையோடு பிறந்த வீடு சென்றார். அவர் தந்தையார் சங்கத்துப் பெரியோரிடம் முறையிட்டார். மூன்று வாரங் கழித்து, இருதரப்பாரும் கூடிச் சமாதானப் பத்திரம் எழுதினர். எழுதியவர் யாம். எம் கையெழுத்து அழகாயிருக்கும் என்று பெரியோர் எம்மை அழைத்தனர். 'சிறு மனவேற்றுமை' என்று எழுதினோம். சுவருக்கு இப்புறமிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த யாமே அவ்வாறு எழுதினோம். 'இனிமேல் கணவன் மனங்கோணாது நடப்பதாக' என்றும் எழுதினோம். அவள் என்ன விரும்புகிறாள் என்று அக்கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் அடுத்த அறையில் மாதரோடு அமர்ந்திருந்தாள். பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது நடை நன்றாயிருப்பதாக ஒரு பெரியவர் பாராட்டினார். சில ஆண்டுகள் கழித்து, அவ்வம்மையார் ஒரு விடியற்காலையில் குழந்தையுடன் முதற்பேருந்தில் ஏறித் தமக்கையார் ஊருக்குச் சென்றார், பின்னர் திரும்பவில்லை. அண்மையில் ஒரு திருமணத்தில் கண்டோம். எம் அன்னையார் நலமா என்று வினவினார். அன்னையார் காலமானதைக் கூறினோம். கண் கலங்கி நின்றார். எம்மைப் பற்றி ஒன்றும் வினவவில்லை.

'குடும்பத்தைச் சேர்த்து வைப்பதன்றோ சங்கத்தின் கடமை?' என்பர். சேர்த்து வைத்தல் நன்றே. யாரை யாரோடு, எவ்வுறுதியின்மேல் என்பதே வினா. 'பொய்ப் புகார் கூறும் மருமகளிர் இல்லையோ?' என்றும் கேட்பர். இரார் என்று யாம் கூறவில்லை. ஆயினும் உதவி நாடியோரே நூற்றுக்கு 14 பேர் என்னும்போது, அடியைக் கூறாது மறைக்கும் மகளிரைப் பற்றிக் கவல்வதே நமக்கு முந்திய வேலை.

சட்டமும் நமக்கு வழி திறந்துள்ளது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையினின்று பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உளது. அடி மட்டுமன்று, வசையும், உள்ளத்தை வதைத்தலும், காசின்றி முடக்குதலும் அதில் அடங்கும். மனைவியைக் கணவன் வீட்டினின்று சட்டவழியன்றி வெளியேற்றல் ஆகாது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, வன்முறை நிகழ்வதாக நம்புதற்குக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்றும், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் எவ்விதப் பொறுப்பும் சாராது என்றும் கூறுகிறது. அயலானின் மணியைச் சட்டமே சட்டப்புத்தகத்தில் மாட்டிவைத்திருக்கிறது. 181 என்னும் மகளிர் உதவி எண் தமிழ்நாட்டில் 2018 முதல் உளது.

ஆண்டுதோறும் நம் சங்கம் அச்சிட்டு வீடுதோறும் வழங்கும் நாட்காட்டியில், இராகு காலமும் முகூர்த்த நாளும் நன்கொடையாளர் படங்களும் உள்ளன. அடுத்த ஆண்டு முதல் 181 என்னும் எண்ணையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும், எல்லா ஏட்டிலும், அடியில் அன்று, மேலே அச்சிடல் வேண்டும் என்று கேட்டோம். அச்சகத்தார் கூடுதற் செலவு இல்லை என்கின்றனர். இதற்குச் செயற்குழுவார் இசைந்துவிட்டனர்.

மற்றொன்றுக்கு இன்னும் இசையவில்லை. சங்கத்தின்முன் வரும் மணவழக்கு எதிலும், பெண்ணைத் தனியே வைத்து, மாதர் இருவர் அவள் சொல்லைக் கேட்டு, அவள் சொன்னவாறே எழுதல் வேண்டும். அடி நிகழ்ந்ததாயின் 'அடி' என்றே எழுதல் வேண்டும். அவள் இசைவின்றி எந்தச் சமாதானப் பத்திரமும் சங்கத்தின் முத்திரை பெறலாகாது. பாதுகாப்பு அலுவலரிடமோ நீதிமன்றத்திற்கோ அவள் செல்ல விரும்பின் சங்கத்தார் தடுக்காமல் துணைக்குச் செல்லல் வேண்டும். இதனைத் தீர்மானமாக வரைந்து செயலாளரிடம் கொடுத்துள்ளோம். முன்மொழிவோர், வழிமொழிவோர் என இருவர் கையொப்பம் வேண்டும் என்றார். முன்மொழிவோர் இடத்தில் யாம் ஒப்பமிட்டோம். தாள் மேடையின் வலப்புறத்து மேசைமேல் உளது. அதற்குக் கீழ்வரி இப்போது வெறுமையாக இருக்கிறது. பேனாவையும் அருகில் வைத்திருக்கிறோம்.